சிறுபோகக் கூட்டம் மாதிரி ஒரு திட்டம்

வட்டக்கச்சி,
2025 ஆவணி

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. கோடையில் குளத்துத் தண்ணீரில் செய்கிற சிறுபோக நெல்லின் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. நெல்லைக் காயப்போட்டு, மழை இருட்டைப் பார்த்துப் பார்த்து அள்ளி, நேற்றுத்தான் மூட்டை கட்டி முடித்தோம். உன் மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்தேன். செட்டிகுளத்து முகாமில் தண்ணீர் பவுசர் வரிசையில் நாம் நின்றபோது உன் தோளில் தூங்கிய பிள்ளை. என் மனைவி கண் கலங்கிவிட்டாள். பிள்ளையிடம் சொல், மாமாவும் மாமியும் ஒருநாள் வந்து பார்ப்போம் என்று.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காசு தந்த வெளிநாட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது, உங்கள் சங்கத்தில் மூன்று பேரின் சம்பளம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். இந்த வருடம் இது பல இடங்களில் நடக்கிறது. தை 20ஆம் திகதி அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. பங்குனியில் அந்த நாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் திட்டங்களில் 83 வீதத்தை ரத்துச் செய்வதாக அறிவித்தார்கள். ஆடி 1ஆம் திகதியோடு நிறுவனமே மூடப்பட்டது. இப்போது உங்களுக்குக் காசு தர வேறொரு டோனர் கிடைக்கும்போல இருக்கிறது, அவர்கள் ஐந்து வருட மூலோபாயத் திட்டம் கேட்கிறார்கள், கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகரைப் பிடிக்கலாமா என்று கேட்டாய். என் பதில், இப்போதைக்கு வேண்டாம்.

எங்கள் சங்கத்தின் முதல் திட்டத்தின் கதையை உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. 2012 இல் எழுதினோம். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து கடைசிச் சனங்களும் வெளியே வந்த வருடம் அது. வன்னிக்குள் ஏகப்பட்ட நிறுவனங்கள் நின்றன. வவுனியாவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பட்டறை வைத்தோம். சுவர் முழுக்கக் கலர் அட்டைகள். முடிவில் ஆங்கிலத்தில் 64 பக்கம் வந்தது. எங்கள் கள உத்தியோகத்தர்கள் மூவரில் ஒருவராலும் அதை வாசிக்க முடியவில்லை. உள்ளே பதினொரு இலக்குகள். வாழ்வாதாரம், சிறுவர் பாதுகாப்பு, குடிநீர், நல்லிணக்கம், இன்னும் என்னென்னவோ. அந்த நேரம் யார் யார் எதற்குக் காசு கொடுத்தார்களோ அதெல்லாம் எங்கள் இலக்காகிவிட்டது.

அதில் ஒரு லொக் பிரேமும் இருந்தது, திட்டம் முழுவதையும் ஒரே அட்டவணையில் அடக்குகிற தாள். 1969 இல் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக உருவாக்கிய முறை அது, இன்றைக்கும் பல டோனர்மார் கேட்பது. நான்கு வரிசை, நான்கு நிரல். அதன் கடைசி நிரல் அனுமானங்கள். மூன்றாம் நாள் பின்னேரம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எல்லோரும் பையைத் தூக்கியபோது, அந்த நிரலை அரை மணித்தியாலத்தில் நிரப்பினோம். ‘காலநிலை சாதகமாக இருக்கும்.’ ‘நிதி தொடர்ந்து கிடைக்கும்.’ ‘பொருட்களுக்குச் சந்தை இருக்கும்.’ மச்சான், பிறகு எங்களை விழுத்தியதெல்லாம் அந்த நிரலில் இருந்தவைதான்.

ஒரே கிராமத்தில் 18 தையல் மெஷின் கொடுத்தோம். இரண்டு வருடம் கழித்து ஒரு அக்கா வீட்டுக்குப் போனேன். மெஷினை மூடி நிறம் மங்கிய பெட்சீற், அதற்கு மேல் பிள்ளைகளின் புத்தகங்கள், பேனை போட்ட ஒரு ரின். துணியைத் தூக்கிப் பார்த்தேன், சில்லு துருப்பிடித்து இறுகியிருந்தது. ‘எல்லா வீட்டிலும் மெஷின் இருந்தால் ஆர் தம்பி ஆரிட்டத் தைக்கக் குடுக்கிறது?’ என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. தேத்தண்ணியும் தந்தா. அன்றைக்கு எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு 2018 மார்கழி வெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த அந்த இரவு உனக்கும் நினைவிருக்கும். எங்கள் வங்கிக் கணக்கில் அப்போது 14 இலட்சம் ரூபா இருந்தது. ஒரு சதத்தைத் தொட முடியாது, எல்லாம் இன்ன இன்ன வேலைக்கு என்று கட்டிப்போட்ட காசு. பாய், பால்மா, நுளம்பு வலை வாங்க அனுமதி கேட்டு எழுதினோம். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அதற்குள் வெள்ளம் வற்றி, சனங்கள் வீட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல் இப்படிப் போக முடியாது என்று 2019 இல் மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை சிறுபோகக் கூட்டம் நடக்கிற மாதிரி நடத்தலாம் என்று எங்கள் பொருளாளர் ஐயா சொன்னார். கமக்காரர் அவர். நீ எங்கள் கூட்டம் ஒன்றைப் பார்த்ததில்லை. சிறுபோகத்துக்கு முன் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் கூடுவோம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தார் சொல்வார்கள். இரணைமடு நிரம்பினால் 36 அடி. மாரிமழையோடு செய்கிற காலபோகத்தில் அதை நம்பி 20,000 ஏக்கருக்கு மேல் விதைக்கிறோம். சிறுபோகத்தில் மழையை நம்ப முடியாது, குளத்தில் நிற்கிற தண்ணீர்தான். அதனால் முதலில் அடி, பிறகு ஏக்கர், பிறகு பங்கு. எந்தத் திகதிக்குள் விதைப்பு முடிய வேண்டும், தண்ணீர் எப்போது பூட்டுவது எல்லாம் அங்கேயே முடிவாகும். சத்தம் வரும், சண்டை வரும், ஆனால் ஆருடைய வயல் இந்தமுறை தரிசாகக் கிடக்கப்போகிறது என்பது அவரவர் முன்னிலையிலேயே முடிவாகிறது. ஏக்கரை எழுதிவிட்டுத் தண்ணீர் தேடுகிற கமக்காரன் இல்லை. 2012 இல் நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம்.

எங்கள் குளத்தை அளந்தோம். மூன்று கள உத்தியோகத்தர், ஆளுக்கு மாதம் 22 வேலை நாள், மொத்தம் 66. அறிக்கை எழுத, பிரதேச செயலகக் கூட்டங்களுக்கு, லீவுக்கு என்று 26 நாள் போய்விடும். மிச்சம் 40. ஒரு வீட்டுக்குப் போய் ஆறுதலாகக் கதைத்துவர அரை நாள் வேண்டும். ஆக மாதம் 80 வீடு. எங்கள் பட்டியலில் அப்போது 410 வீடு இருந்தது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் ஒருவரும் பேசவில்லை. ஏழு வருடமாக அந்தப் பிள்ளைகளை ஓடவிட்டு, ஏன் ஒரு வேலையும் முடியவில்லை என்று நான் ஏசியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சனங்களை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டோம். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் ஆடு, கோழி, மலசலகூடம் என்று நாங்கள் கொடுக்கக்கூடியதைத்தான் சொல்வார்கள். எங்கள் வேலைகளில் எது நின்றால் உங்களுக்குப் பெரிய நட்டம் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு அண்ணன் தன் பொய்க்காலைக் கழற்றிப் பாயின் நடுவில் வைத்தார். ரப்பர் பாதம் குறுக்காக வெடித்திருந்தது. சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றியிருந்தார். அதோடுதான் வரம்பில் நடக்கிறார், மண்வெட்டி பிடிக்கிறார். ‘கால் தர எல்லாரும் வந்தவை. அது உடைஞ்சா ஆரிட்டப் போறது?’ என்றார்.

பொய்க்கால் ஒன்று மூன்று முதல் ஐந்து வருடம் வரைதான் பாவிக்கும். சேற்றிலும் வெயிலிலும் இன்னும் கெதியாகப் போய்விடும். வளர்கிற பிள்ளைக்கு இடையிலேயே மாற்ற வேண்டும். 2009 போரில் கால் இழந்த ஒருவருக்கு ஆயுள் முழுக்க எத்தனை கால் வேண்டும் என்று பார். ஒரு திட்டத்திலும் நாங்கள் இதை எழுதவில்லை, ‘வழங்கப்பட்ட கால்கள்’ என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதினோம். அன்றைக்கு முடிவெடுத்தோம், இரண்டு வேலை மட்டும். ஒன்று, கால் திருத்தவும் மாற்றவும் யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போய்வருவது. மற்றது, கொடுப்பனவுப் படிவங்களைக் கூட இருந்து நிரப்பி, கிடைக்கும்வரை பின்தொடர்வது. முன்பள்ளியை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுத்தோம். ஆடு, கோழி, தையல் எல்லாவற்றையும் விட்டோம். வாழ்வாதாரப் பிரிவில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு வேலை போயிற்று. அதை நானே போய்ச் சொன்னேன். இன்றைக்கும் அதில் ஒருத்தி சந்தையில் கண்டால் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆட்களை எடுக்கும்போதே நாங்கள் தண்ணீரை அளந்திருக்க வேண்டும்.

அப்புறம் லொக் பிரேமின் அந்தக் கடைசி நிரல், அனுமானங்கள். அதை இந்தத் தடவை முதலில் எழுதினோம். காசு பாதியானால் எதை முதலில் நிறுத்துவது, அடுத்தது எது, கடைசிவரை எதை விடுவதில்லை என்று வரிசை போட்டோம். எங்கள் மில்லில் மிளகாயும் மாவும் அரைத்து வருகிற காசில் மாதாமாதம் ஒரு பங்கை எடுத்து, மூன்று மாதச் செலவுக்கு நிலையான வைப்பில் போடத் தொடங்கினோம். அது ஆருடைய புரொஜெக்ட் காசும் இல்லை, வெள்ளம் வந்தால் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே எடுக்கலாம்.

2022 இல் இதற்குச் சோதனை வந்தது. 2021 கடைசியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் அடுத்த ஆனியில் 460 ஆனது, அதுவும் வரிசையில் நின்றால்தான். வரிசைத் தாளை எடுத்தோம். பயிற்சிகளை நிறுத்தினோம், அலுவலகத்தைப் பாதி நாள் பூட்டினோம், யாழ்ப்பாணம் போகிற வான் ஓட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. நான்கு கிராமத்து ஆட்களை ஒன்றாக ஏற்றி, மாதம் ஒரு தடவை ஓடினோம். கூட்டம் வைத்து வாதாட நேரமில்லாத காலம் அது. முடிவு ஏற்கெனவே தாளில் இருந்ததால் தப்பினோம்.

எங்கள் திட்டம் இப்போது தமிழில் நான்கு பக்கம், சுவரில் ஒட்டியிருக்கிறது. வருடத்தில் ஒரு தடவை, காலபோக விதைப்புக்கு முன்னால் திருத்துகிறோம். டோனருக்கு வேண்டிய வடிவத்தில் அதை ஆங்கிலத்தில் போடுவதற்கு ஓர் ஆளைப் பிடித்துச் சம்பளம் கொடுத்தோம். நீயும் அதற்குப் பிடி, முடிவெடுக்கப் பிடிக்காதே.

ஒன்று மட்டும் எங்களுக்கும் சரிவரவில்லை. எனக்கு 58 ஆகிறது. எனக்குப் பிறகு ஆர் என்ற இடம் திட்டத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. பழக்கிய பிள்ளை ஒருத்தி அரச வேலை கிடைத்துப் போனாள். அவளைப் போக வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? உங்களிடம் இளம் ஆட்கள் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எப்படி நிற்கவைத்தாய் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு நாங்கள் திட்டம் திருத்த உட்காருகிறோம். முதல்நாளே வந்துவிடு. வங்கிப் புத்தகத்தையும், உன் ஆட்களின் மூன்று மாத வரவுப் பதிவேட்டையும் கொண்டு வா, வேறொன்றும் வேண்டாம். இரணைமடுச் சந்தியில் இறங்கிப் போன் அடி, மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றுகிறேன். புது நெல் குத்தரிசி உனக்கென்று ஒரு பை எடுத்து வைத்திருக்கிறாள் இவள்.

உன் அன்பு மச்சான்