கால் அங்குலத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குயில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வை வேலை பற்றிய குறிப்புகள் நாளிதழ்களின் கைவேலைப் பகுதிகளில் வரும்போது படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் செய்முறையில் "3 அங்குலச் சதுரங்கள் வெட்டிக்கொள்ளவும்" என்று ஒற்றை வரி வந்து போகிறது. அந்த 3 அங்குலம் வெட்டும் அளவா, தைத்து முடித்தபின் நிற்கும் அளவா? தையலுக்கு எவ்வளவு விட வேண்டும்? இரண்டும் சொல்லப்படுவதில்லை. ஆர்வத்தோடு தொடங்குகிறவர்கள் பாதியில் மூட்டை கட்டி வைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தங்களுக்குக் கை வரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குறை கையில் இல்லை, குறிப்பில் இருக்கிறது.

குயில்ட் வேலையில் தையலுக்கு விடுவது கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உடை தைத்துப் பழகியவர்கள் உள்ளே தாராளமாக விடுவார்கள், தேவைப்பட்டால் பிரித்துத் தளர்த்தலாம் என்று. இங்கே அந்த வசதி கிடையாது. ஒரு வரிசையில் 9 சதுரங்கள் என்றால் 8 தையல். ஒவ்வொரு தையலும் 1/16 அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், இரு பக்கத் துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு ⅛ அங்குலம் போகிறது. வரிசை முடியும்போது முழுதாக 1 அங்குலம் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசை வேறு அமைப்பு, 6 தையல்தான் என்றால் அதில் ¾ அங்குலம் மட்டுமே குறையும். இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தும்போது கால் அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை அலை அலையாகச் சுருங்கும்.

மெஷினில் கால் அங்குலக் கோட்டைப் பார்த்துத்தானே தைக்கிறோம் என்று கேட்பார்கள். கோட்டில் சரியாகத் தைத்தாலும் அளவு குறையும். துணி தையல் நூலின்மேல் ஏறி மடியும்போது அந்த மடிப்பு கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவாகத் தைக்க வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். மொத்த அகலம் 3½. நடுப்பட்டை குறைந்திருந்தால் ஊசியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்தி மறுபடி மூன்று பட்டை. ஊசி இறங்க ஒற்றைத் துளை மட்டுமுள்ள தட்டு பொருத்தியிருந்தால் ஊசியை நகர்த்தவே கூடாது, தட்டில் இடித்து முறியும். அப்படிப்பட்ட மெஷினில் ஊசி முனையிலிருந்து அளந்து, மாஸ்கிங் டேப்பை நான்கைந்து அடுக்காக ஒட்டினால் துணியின் ஓரம் முட்டி ஓட ஒரு கரை கிடைக்கும். நூலை மாற்றினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். துண்டுகளை இணைக்க 50 எண் பருத்தி நூல் போதும். அதைவிடத் தடித்த நூல் மடிப்பில் இன்னும் கொஞ்சம் தின்னும்.

இஸ்திரியையும் யாரும் விளக்கி எழுதுவதில்லை. உடைக்குத் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் பட்டை வில்லாக வளையும். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்க வேண்டும், அவ்வளவே. முதலில் தைத்தபடியே மூடிய நிலையில் ஒருமுறை அழுத்தினால் நூல் துணிக்குள் படியும். பிறகு விரித்து, தையலுக்கு விட்ட உள்துணியை அடர்நிறப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். வெளிர்நிறத்துக்கு அடியில் நிழல் தெரியாது. அடுத்தடுத்த வரிசைகளில் எதிரெதிராகச் சாய்த்தால் சந்திப்புகளில் இரண்டு மேடுகளும் ஒன்றோடொன்று கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே "டக்"கென்று அமர்வது தெரியும்; குண்டூசிகூட வேண்டாம். எட்டு முனைகள் ஒரே புள்ளியில் கூடும் நட்சத்திரங்களுக்கு மட்டும் இரு பக்கமும் பிரித்து அழுத்துவது நல்லது, இல்லாவிட்டால் நடுவில் ஒரு குமிழ் நிற்கும்.

அடுத்த படி அரைச்சதுர முக்கோணம், அதாவது இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரமாகும் கட்டம். முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைப்பவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. மூலைவிட்டத்தில் வெட்டிய ஓரம் கிராஸ் ஓரம், ரப்பர்போல் நீளும். அதனால் முதலில் தைத்து, பிறகு வெட்ட வேண்டும். தைத்து முடித்தபின் நிற்கும் அளவு 3 அங்குலம் வேண்டுமானால் கணக்குப்படி 3⅞ அங்குலத்தில் இரண்டு சதுரங்கள். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து அடுக்கி, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு கிடைக்கும். கற்கிற காலத்தில் 4 அங்குலமாகவே வெட்டுங்கள். தைத்து விரித்தபின் அடிக்கோலின் 45 பாகைக் கோட்டைத் தையலின்மேல் வைத்து 3½ அங்குலமாக நறுக்கினால் எல்லாமே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். நறுக்க நேரமாகும்தான், ஆனால் பின்னால் பிரித்துத் தைக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு.

இரண்டு சதுரங்களைச் சுற்றிலும் தைத்து, இரு மூலைவிட்டங்களிலும் வெட்டி நான்கு எடுக்கும் வழி இப்போது அதிகம் பரவியிருக்கிறது. வேகம் உண்மை. ஆனால் அதில் கிடைக்கும் கட்டங்களின் வெளியோரம் நான்குமே கிராஸ். இணைக்கும்போது கட்டம் சாய்சதுரமாகிவிட்டது என்று குழம்புவோருக்குக் காரணம் இதுதான். வேகம் வேண்டுமானால் எட்டாக எடுக்கும் வழி இருக்கிறது: 3⅞-இன் இருமடங்கு 7¾, நறுக்க இடம் விட்டு 8 அங்குலச் சதுரங்கள் இரண்டு. இரு மூலைவிட்டங்களையும் வரைந்து, ஒவ்வொன்றின் இரு பக்கமும் கால் அங்குலத்தில் தையுங்கள். பிறகு துணியை அசைக்காமல் நடுவில் நெடுக்காகவும் குறுக்காகவும் வெட்டி, கடைசியாக வரைந்த கோடுகளில் வெட்டினால் எட்டு கட்டங்கள், வெளியோரம் எல்லாம் நேர்வாட்டத்தில்.

வடிவத்தைப் பேப்பரில் அச்சிட்டு, அதன் கோடுகளிலேயே தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்தெடுப்பது பேப்பர்மேல் தைக்கும் முறை. அதற்கு இந்தப் பொறுமைகூட வேண்டாம், கூர்முனைகள் தானாக வரும். கோடு அச்சான பக்கம் மேலே, துணி பேப்பருக்கு அடியில். தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், ஊசி 14 எண். துளைகள் நெருங்கிப் பெரிதாக விழுந்தால்தான் பேப்பர் பிறகு சுலபமாகக் கிழியும். இதில் எல்லோருக்கும் நேரும் பிழை ஒன்றே. தைத்து முடித்துத் துண்டைப் புரட்டினால் தன் இடத்தை முழுதாக மூடாது, ஒரு மூலையில் பேப்பர் தெரியும். தைப்பதற்கு முன்பே கோட்டின்மீது குண்டூசி குத்தி, புரட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தப்பிக்கலாம். படம் கண்ணாடிப் பிம்பமாக வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எழுத்து, பறவை போன்ற வடிவங்களில் அது பெரிய விஷயம். பிரிக்கும்போது பேப்பர் கிழிந்தால் செல்லோடேப் ஒட்டிக்கொள்ளலாம். அதன்மேல் மட்டும் இஸ்திரி படக்கூடாது.

இவற்றையெல்லாம் தனியாகவும் கற்கலாம். ஆனால் தன் தையலில் உள்ள பிசகு தனக்குத் தெரிவதில்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு குறைந்தால் போர்வை சிறுக்குமே தவிர, பொருந்திவிடும். நான்கு பேர் தைத்ததை ஒன்றாக வைக்கும்போதுதான் யாருடைய கால் அங்குலம் கால் அங்குலம் என்பது வெளிப்படும். தையல் குழுக்களின் பெரிய பயன் இது. மாதம் ஒருவர் தனக்கு வேண்டிய நிறங்களைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்துக் கொடுக்கும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. தைத்து முடித்தபின் நிற்கும் அளவு 12 அங்குலம் என்றால் கையில் வரவேண்டியது 12½. வருவதோ 12¼ முதல் 12¾ வரை. பெரியதை நறுக்கிச் சிறியதோடு சமப்படுத்தப் போனால், தையலுக்கு விட்ட இடம் போய் நட்சத்திர முனைகள் மழுங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி 1½ அங்குலப் பட்டை தைத்து, பிறகு எல்லாவற்றையும் 14 அங்குலமாக நறுக்குவதே மானம் காக்கும் வழி. யாருடைய உழைப்பும் வீணாகாது, யார் முகமும் வாடாது.

குழுவில் அமர்ந்து தைக்கும் நேரத்துக்கென்று ஒரு தனி இன்பம் இருக்கிறது. ஒருவர் நூல் வெட்டாமல் ஜோடிகளைத் தொடர்ந்து ஊசிக்கடியில் அனுப்ப, அவை தோரணம்போல் மெஷினுக்குப் பின்னால் தொங்கும். இன்னொருவர் அவற்றை வெட்டிப் பிரித்துக் கொடுக்க, மூன்றாமவர் அழுத்தி அடுக்குவார். கை வேலையில் இருக்கப் பேச்சு தானாக வளரும். முடித்த போர்வையைக் காட்டும்போது பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டும் வழக்கமுள்ள குழுவாகப் பார்த்துச் சேருங்கள் என்றே புதியவர்களுக்குச் சொல்வேன். முன்பக்கத்தைப் பார்த்துப் பாராட்டலாம். பின்பக்கத்தைப் பார்த்துத்தான் கற்க முடியும்.

அளவு எத்தனை பேரைச் சேர்க்கும் என்பதற்கு எய்ட்ஸ் நினைவுக் குயில்ட்டைவிடப் பெரிய சான்று இல்லை. அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய அந்தப் போர்வை 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் தேசியத் திடலில் விரிக்கப்பட்டபோது 1,920 பலகைகள் இருந்தன. இறந்தவர்களின் பெயரால், அவர்களை நேசித்தவர்கள் தைத்தவை. தைத்தவர்களில் பலர் அதற்குமுன் ஊசி பிடித்திராதவர்களாகவே இருந்தாலும் பாதகமில்லை. துணியும் நிறமும் அவரவர் விருப்பம், அளவு மட்டும் எல்லோருக்கும் 3 அடிக்கு 6 அடி. எட்டுப் பலகைகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம். அந்த ஒரு கட்டுப்பாடுதான் முன்பின் அறியாதவர்களின் துயரத்தை ஒரே துணியில் இணைத்தது.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அடித்துணியும் பஞ்சுவிரிப்பும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியை மேசையில் டேப் ஒட்டிச் சமமாக விரியுங்கள், இழுத்து விறைக்க வேண்டாம். இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். உள்ளங்கை வைத்தால் எங்கேனும் ஒரு பின் தட்டுப்படும் அளவுக்கு நெருக்கமாகப் பின் குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துச் செல்ல வேண்டும். நேர்கோட்டுக்கு வாக்கிங் ஃபுட், அதாவது மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம். துணியை நகர்த்தும் மெஷின் பல்லை இறக்கிக் கைபோன போக்கில் தைக்கும்போது வளைவுகளில் அடிப்பக்கம் கண்ணிமை மயிர்போல் நூல் விசிறி நிற்பதைப் பார்த்துப் பலரும் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் பாபினில் இல்லை. வளைவில் கை வேகமெடுத்து ஊசியை வளைக்கிறது. வளைவுக்குள் நுழையும்போது கையை மட்டும் மெதுவாக்கி, மெஷின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டால் மறையும். அப்போதும் நின்றால் மேல்நூலின் இறுக்கத்தை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

தங்கள் நாளிதழ் இனி குயில்ட் வடிவம் ஒன்றை வெளியிடும்போது மூன்று எண்களை அதனுடன் சேர்க்க வேண்டுகிறேன்: துண்டுகளை வெட்டும் அளவு, கட்டத்தை இணைப்பதற்கு முன் உள்ள அளவு, இணைத்தபின் நிற்கும் அளவு. பேப்பர்மேல் தைக்கும் வடிவம் என்றால், அதே பக்கத்தில் 1 அங்குலச் சதுரம் ஒன்றையும் வரைந்து அச்சிடுங்கள். பக்கத்தில் இடம் பிடிப்பதற்காகப் படம் சிறுத்திருந்தால், வாசகர் அடிக்கோலை அந்தச் சதுரத்தின்மேல் வைத்ததும் துணி வெட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
குயில்ட் தைக்கும் வாசகர்