படிவத்தில் இல்லாத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அழகுப் பகுதியில், பாலூட்டும் தாய் ஒருவர் நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். மருந்து போட்ட இடத்தைவிட்டு நகராது, ஆகையால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் அது முற்றிலும் பாதுகாப்பானது என்று பதில் அச்சாகியிருந்தது. அந்த 'முற்றிலும்' என்ற சொல்லில்தான் என் வழக்கு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதே ஊசியைப் போட்டுக்கொண்டவள். புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள். கணினித் திரையை முறைத்து முறைத்தே வந்தவை. சிகிச்சை நிலையத்தில் அட்டையில் செருகிய ஒரு படிவத்தை நீட்டினார்கள். ஒவ்வாமை உண்டா, தசை நரம்பு நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்பதாவது கேள்வி: 'கர்ப்பமாக இருக்கிறீர்களா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். 'இல்லை' என்பதில் குறியிட்டேன். அறிந்து சொன்ன பொய் அல்ல அது. ஐந்து இடங்களில் குத்தினார்கள், மொத்தம் 20 யூனிட், தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. பதினோரு நாள் கழித்து, புருவ நடுவிலிருந்த இரண்டு கோடுகளும் மறைந்துகொண்டிருந்த அதே வாரத்தில், பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள் தோன்றின.

அந்த இரவில் நான் வாசிக்காதது எதுவும் இல்லை. போடாக்ஸில் இருக்கும் பாட்டுலினம் நச்சு உலகத்திலேயே கொடிய நஞ்சு என்றது ஒரு பக்கம். ஒன்றும் ஆகாது, நிறையப் பேர் போட்டுக்கொள்கிறார்கள் என்றது இன்னொரு பக்கம். கருவைக் கலைத்துவிடுவதே நல்லது என்று உறவினர் ஒருவர் என் மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னதும் என் காதில் விழுந்தது.

மறுநாள் மகப்பேறு மருத்துவர் சொன்னதை இங்கே எழுதுவது, என்னைப் போல் தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதற்காக. இந்த நச்சு ஒரு பெரிய புரதம். அதன் மூலக்கூறு எடை சுமார் 1,50,000 டால்டன். இவ்வளவு பெரிய மூலக்கூறு நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போய்ச்சேரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கர்ப்ப காலத்தில் கெட்டுப்போன உணவால் பாட்டுலிசம் (இதே நச்சு தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய்) கண்டு, தாய் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தபோதும், குழந்தை வாத பாதிப்பு எதுவும் இன்றிப் பிறந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. என்னைப் போல் கர்ப்பம் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டவர்களின் விவரங்களை மருந்துத் தயாரிப்பாளரே ஆண்டுக்கணக்கில் சேர்த்து வெளியிட்டிருக்கிறார். 2023-இல் வந்த தொகுப்பு 29 ஆண்டுப் பதிவுகளைக் கொண்டது. பிறவிக் குறைகளின் விகிதம் பொதுவாக எல்லாக் கர்ப்பங்களிலும் காணப்படும் அளவைவிட அதில் கூடுதலாக இல்லை. "இந்த ஊசிக்காகக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டாம். ஸ்கேன்களை மட்டும் தள்ளிப்போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

உடனே நான் கேட்டேன்: "அப்படியானால் பயமில்லை, போட்டுக்கொள்ளலாம் என்றுதானே டாக்டர் அர்த்தம்?" அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் உங்கள் அழகுப் பகுதி விட்டுவிட்டது.

அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் சில நூறு பேர். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் பிரசவம் என்ன ஆனது என்ற தகவல் திரும்பி வரவே இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள், தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள். தெரிந்தே கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு கிடையாது, இருக்கவும் கூடாது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்து கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் நல்லது என்றுதான் கொடுக்கப்பட்டது. 1961-இல் திரும்பப் பெறுவதற்குள் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தன. கை கால் வளராமல் பிறந்த அந்தக் குழந்தைகளுக்குப் பிறகு, கர்ப்பிணிகளை வைத்து மருந்தைச் சோதிக்க எவரும் எளிதில் துணிவதில்லை. ஆகவே மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் 'போதிய தரவு இல்லை' என்றே இருக்கிறது. சினையான எலிகளுக்குக் கொடுத்தபோது குட்டிகளின் எடை குறைந்ததும் எலும்பு இறுகுவது தாமதமானதும் அதே தாளில் உண்டு. அளவு என்னவோ, உடல் எடைக் கணக்கில் முகத்துக்குப் போடுவதைப் போல் பல மடங்கு.

'போட்ட இடத்தைவிட்டு நகராது' என்பதும் சரியல்ல. 2009-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நச்சின் விளைவு ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவக்கூடும், விழுங்குவதிலும் மூச்சுவிடுவதிலும் சிரமம் வரலாம் என்று கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை உறையில் சேர்க்கச் சொன்னது. அதற்குக் காரணமானவை பெரும்பாலும் தசை இறுக்கத்துக்காகக் கூடுதல் அளவு பெற்ற குழந்தைகளுக்கு நேர்ந்தவை. சுருக்கத்துக்குப் போடும் சிறு அளவில் அப்படி உறுதியான நிகழ்வு எதையும் அப்போது அவர்கள் காணவில்லை. அது ஆறுதல்தான். ஆனாலும் 'நகராது' என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. தசைக்குள் வேலையைத் தொடங்கிவிட்ட மருந்தைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. மூன்று, நான்கு மாதத்தில் அது தானாகத் தணிய வேண்டும். கர்ப்ப காலத்தில் மூன்று நான்கு மாதம் என்பது எவ்வளவு பெரிய பங்கு!

முகத்தின் பள்ளங்களை நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசியின் கதை வேறு. பெரும்பாலானவற்றில் இருப்பது ஹைலூரோனிக் அமிலம், நம் உடம்பிலேயே உள்ள பொருள்தான். பிடிக்காவிட்டால் கரைக்கவும் மருந்து உண்டு. ஆயினும் அது தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம். சீழ் பிடித்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும். சாதாரண நாளில் தயங்காமல் எழுதிக்கொடுக்கும் டாக்சிசைக்ளின் போன்றவற்றைக் கர்ப்பிணிக்குப் பொதுவாகத் தருவதில்லை. ஊசியைவிட, ஊசியால் கோளாறு வந்தால் செய்ய வேண்டிய வைத்தியம் வயிற்றுப் பிள்ளைக்குத் தொல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எனக்கு அதிகக் கோபம் குளுட்டாதயோன் ஊசியின் மீது. நிறம் வெளுக்க என்று இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள், பல வாரம் தொடர்ந்து. பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே, இதை வெளுப்பதற்குப் போடுவது பாதுகாப்பற்றது, கல்லீரலும் சிறுநீரகமும் நரம்பும் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்துவிட்டது. கர்ப்பத்தில் கன்னத்தில் படரும் கருமை பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு மெல்ல மங்கும். மங்கப்போகும் ஒன்றுக்காக வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இனி பாலூட்டுதல், அந்த வாசகி கேட்டதே அதைத்தான். பாட்டுலிசம் கண்ட தாய் ஒருத்தி பாலூட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் பாலிலும் பிள்ளையிடத்திலும் நச்சைக் காண முடியவில்லை என்ற பழைய பதிவு ஒன்று உண்டு. முகத்தில் ஊசி போட்டுக்கொண்ட நான்கே தாய்மாரின் பாலைச் சோதித்த அண்மை ஆய்வில், பாதி மாதிரிகளில் ஒன்றும் இல்லை, மீதியில் மிக நுண்ணிய அளவு தென்பட்டது. நான்கு பேரை வைத்து 'முற்றிலும்' என்று எழுத முடியுமா? அதற்காக, ஊசி போட்டுவிட்டேனே என்று பதறிப் பாலை நிறுத்திவிடுவதும் அறிவல்ல. இத்தனை மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும் என்று வரையறுக்க ஆய்வு எதுவும் இல்லை. பாலைத் திடீரென நிறுத்தினால் மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலும் வரக்கூடும். குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பிள்ளை சுறுசுறுப்பாகப் பால் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதே நடைமுறை.

என் மகனுக்கு ஆறு மாதமானபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். திட உணவு தொடங்குவது பற்றிய கையேட்டில், ஒரு வயதுக்குள் தேன் கொடுக்காதீர்கள் என்று இருந்தது. காரணம் அடுத்த வரியில்: கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், குழந்தையின் குடலில் அவை முளைத்து நச்சை உண்டாக்கலாம். அந்தப் பெயரை நான் எங்கே படித்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊசியில் வருவது சுத்திகரித்து அளந்த நச்சு, தேனில் வருவது உயிருள்ள வித்து, இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும் கையேட்டை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதே ஊசி தீராத ஒற்றைத் தலைவலிக்கும் கழுத்துத் தசை முறுக்கலுக்கும் மருந்து. தலைவலிக்கு 31 இடங்களில் 155 யூனிட் போடுகிறார்கள். மாதத்தில் பாதி நாள் இருட்டறையில் கிடக்கும் ஒரு பெண் கருவுற்றால், ஊசியைத் தொடர்வதா மாற்று மாத்திரைகளுக்குப் போவதா என்பதை அவரும் நரம்பியல் மருத்துவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த மாத்திரைகளிலும் சில கருவுக்கு ஆகாதவை. அவரையும் என்னையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என் சுருக்கம் காத்திருந்திருக்கும்.

மறுபடியும் அந்தப் படிவத்துக்கு வருகிறேன். கர்ப்பக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. நாள் தள்ளிப்போயிற்று என்று ஒருத்தி உணரும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். கரு உண்டான மூன்று வாரங்களிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அதாவது, மனமறிந்து 'இல்லை' என்று குறியிடும் நாட்களிலேயே உறுப்புகள் உருவாகும் கட்டம் நெருங்கிவிடுகிறது. 'கர்ப்பமாக இருக்கிறீர்களா?' என்ற கேள்வி நிலையத்துக்குக் காப்பு, எங்களுக்கு அல்ல. கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில், கருத்தரிக்க முயல்கிறீர்களா, பாலூட்டுகிறீர்களா என்று மூன்று கேள்விகள் இருந்திருந்தால், நான் தேதியை எண்ணிப் பார்த்திருப்பேன். 'முயல்கிறோம்' என்று எழுதியிருப்பேன். அவர்களும் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதை அந்த நிலையத்துக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: பிரசவித்த தாய்மாருக்குச் சிறப்புத் தள்ளுபடி.

உங்களிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த இதழில் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், 'முற்றிலும் பாதுகாப்பானது' என்பதை நீக்கி, 'தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் அஞ்ச வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவுற்றவர்களும் கருவுற முயல்பவர்களும் பாலூட்டுபவர்களும் அழகுக்காகத் தெரிந்தே போட்டுக்கொள்ள வேண்டாம்' என்று திருத்தம் வெளியிடுங்கள். கேள்வி கேட்ட அந்தத் தாய் இதற்குள் முன்பதிவு செய்திருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி