பட்டையைக் கழற்றினாயா?

அன்புள்ள மலருக்கு,

நைனா எழுதுகிறேன். போன் எடுக்கவில்லை, அதனால் கடிதம். வேலையாக இருப்பாய், சரி.

பெங்களூர் வரும் எதிர்வீட்டுப் பையனிடம் இளவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இரண்டு கிலோ. "பையை நீ தூக்காதே" என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். நீயே தூக்கு.

கார் விபத்துக்குப் பிறகு போட்ட கழுத்துப் பட்டையைக் கழற்றினாயா? டாக்டர் கழற்றச் சொல்லி நாலு மாசம் ஆகிறது. ஸ்கேனில் எலும்பு, நரம்பு எல்லாம் சரி என்றார்களே. அம்மாவிடம் "இனி இப்படித்தான்" என்றாயாம். அந்த ஒரு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

என் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண் ஒரு விஷயம் சொன்னாள். கார் விபத்தில் கழுத்து வெடுக்கென்று ஆடியவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் ஸ்வீடனில் ஆரம்பத்திலேயே கேட்டார்களாம், "முழுசாகக் குணமாவோம் என்று நினைக்கிறீர்களா?" என்று. 2008ல் வந்த ஆய்வு. நம்பிக்கை குறைவாக இருந்தவர்கள்தான் ஆறு மாசம் கழித்தும் அதிகம் முடங்கிக் கிடந்தார்களாம். வலி பொய் என்று அர்த்தமில்லை, அதை அவளே இரண்டு தரம் சொன்னாள். பயந்தவர் கழுத்தைத் திருப்புவதில்லை. திருப்பாத கழுத்து இறுகும். இறுகியதைத் திருப்பினால் வலிக்கும். வலித்ததும், "பார், சொன்னேனே" என்று பயம் இன்னும் கெட்டியாகும்.

பத்தாம் வகுப்பில் காய்ச்சலோடு போய்ப் பரீட்சை எழுதியவள் நீ. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் பிடிவாதம் இப்போது பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழற்று.

உன்னைச் சொல்லி என்ன? ஓசூர் ரோட்டில் நின்று நீ அழுதுகொண்டே கூப்பிட்ட ராத்திரி, நான் என்ன சொன்னேன்? "கழுத்தில் அடி என்றால் ஆயுசுக்கும் விடாது, பெரியப்பாவைப் பார்." பெரியப்பா மாமரத்திலிருந்து விழுந்து எலும்பையே முறித்துக்கொண்டவர். உனக்கு அது இல்லை என்று அப்போதே தெரியும். பயத்தில் வாய் முந்திக்கொண்டது. அப்புறம் தினமும் போன் எடுத்ததும் "வலி எப்படிம்மா?" என்று அதையே கேட்டேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டதில்லை. நீ எடுக்காமல் விட்டது அதற்குப் பிறகுதான்.

இனிக் கேட்க மாட்டேன். கத்திரிக்காய் எப்படி என்று மட்டும் கேட்கிறேன். காம்பை வெட்டாமல் நாலாகக் கீறு, நல்லெண்ணெய் தாராளமாக விடு.

பட்டையைக் கழற்றிவிட்டுச் சமை.

உன் நைனா