ஏசி ரயில் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே

குரோம்பேட்டை

அன்புள்ள ராஜி,

முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குக் கிண்டிக்கு மாற்றலாகிவிட்டது. பஸ்ஸே வேண்டாம் என்று நம்மைப் போலவே சீசன் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

ஏசி ரயிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏறிப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. 2025 ஏப்ரல் 19 முதல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஓடுகிறது. பன்னிரண்டு பெட்டியும் நம்ம பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்தவை. கதவு தானாகவே மூடிக்கொள்வதால் படியில் தொங்க வழியே இல்லை. கத்திரி வெயிலில் மாம்பலத்தில் ஏறியதும் உடம்பு அப்படியே அடங்கியது. உங்கள் மும்பைக்கு இது 2017 கிறிஸ்துமஸ் அன்றே வந்துவிட்டது. மின்சார ரயிலிலேயே நீங்கள்தான் மூத்தவர்கள்: விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு 1925 பிப்ரவரியில் முதல் வண்டி போனது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி நமக்குக் கடற்கரை–தாம்பரம் மின்சார வண்டியை விட்டது 1931 மே மாதத்தில். நாட்டிலேயே மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில், மின்சாரம் ஓடிய முதல் பாதை நம்முடையதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அந்தக் காலத்துத் தாம்பரத்தை யோசித்துப் பார். டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார் என்றால், ஊர்ச் சந்தடி இல்லாத, நல்ல காற்று வீசும் இடமாக இருந்ததால்தானே? கிறித்துவக் கல்லூரி ஊருக்குள்ளிருந்து அங்கே குடிபெயர்ந்தது 1937-இல். நடுவில் இருந்ததெல்லாம் வயலும் ஏரியும். ஊர் வளர்ந்துவிட்டது, ரயில் விடுவோம் என்று விடவில்லை. ரயில் முதலில் வந்தது, மனையும் வீடும் அதன் பின்னால் வந்தன. பாரிமுனையில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே பல்லாவரம் தாண்டிக் குடியிருக்கலாம் என்ற துணிச்சலை நம் அப்பாக்களுக்குக் கொடுத்தது இந்த வண்டி. வாடகை குறைவு, கிணற்றில் தண்ணீர், மாதம் ஒரு சீசன் டிக்கெட். நீயும் நானும் சந்தித்ததே அதனால்தானே!

பிறகு நடந்த மாற்றங்களில் பாதி நம் கண்ணில் படவே இல்லை. தொடக்கத்தில் 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடிய பாதையை 1967-இல் 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாற்றினார்கள். அழுத்தம் கூடினால் அதே சக்தியை மெல்லிய கம்பியில் அனுப்பலாம், துணை மின்நிலையங்களும் குறைவாகவே போதும். நாம் வேலைக்குப் போன காலத்தில் தலைக்கு மேல் ஓடியது அந்த மின்சாரம்தான். தண்டவாளம் மட்டும் ஒரு மீட்டர் அகலத்திலேயே இருந்தது. அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். நம் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் மூச்சு முட்டியதன் காரணத்தில் பாதி அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அகலப்பாதை பக்கத்திலேயே வந்தது, சில காலம் இரண்டும் சேர்ந்து ஓடின, 2004 ஜூலை முதல் தேதியோடு மீட்டர் கேஜ் மின்சார வண்டி நின்றுபோனது. நீ அதற்குள் மும்பைக்குப் போய்விட்டாய்.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். ஏசி வண்டி வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் நவீனமாக்குவது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது குளிர்ச்சி இல்லை, அடுத்த வண்டி எப்போது வரும் என்பதுதான். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போட்டார்களே, அதைத்தான் நான் பெரிய வேலை என்பேன். வெளியூர் வண்டிக்கு வழிவிட்டு நம் வண்டி சிக்னலில் காத்துக் கிடப்பது அதனால்தான் குறையும். அதற்காகக் கடற்கரை முனையில், தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் திரும்ப விட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மயிலாப்பூர், திருவான்மியூர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

அதே பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான். ஆதம்பாக்கத்தில் நிலம் எடுக்கும் வழக்கில் அது வருஷக்கணக்கில் நின்றது, தூண்கள் மட்டும் வெயிலில் காய்ந்தன. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் அவ்வளவு பெரிய பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது, ஆனால் அன்றைக்கு அங்கே ரயில் நிலையம் இல்லை. ஊரிலிருந்து விடியற்காலையில் பெட்டியும் பையுமாக வந்து இறங்கியவர்களைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

கட்டணமும் இருக்கிறது. சாதாரண வண்டியில் குறைந்தபட்சம் 5 ரூபாய், ஏசியில் 35. பூக்கடையிலிருந்து கூடையோடு ஏறி, பல்லாவரம் வருவதற்குள் மல்லிகை முழுவதையும் தொடுத்து முடிப்பாரே ஒரு அம்மா, நினைவிருக்கிறதா? அவரைப் போன்றவர்கள் இன்றும் நம் வண்டியில் வருகிறார்கள். ஒரு ஏசி வண்டிக்காகச் சாதாரண வண்டி ஒன்று குறைந்தால் அடுத்த வண்டியில் நெரிபடப் போவது அவர்கள்தான். கூடுதலாக விடுங்கள், இருப்பதை எடுத்துவிட்டு விடாதீர்கள் என்றுதான் ரயில்வேக்காரர்களிடம் கேட்கத் தோன்றுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மும்பையில் 2022-இல் ஏசி லோக்கலின் ஒற்றைப் பயணக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்களே, அதற்குப் பிறகு அதில் யார் ஏறுகிறார்கள்? வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள், காய்கறிக் கூடைக்காரர்கள் ஏறுகிறார்களா? இல்லை, முதல் வகுப்புக்காரர்கள்தான் அங்கே மாறிக்கொண்டார்களா? தினம் அதே பாதையில் போகிற நீ கண்ணால் பார்த்ததை எழுது. இங்கே பயணிகள் சங்கத்து ஆட்கள் அடுத்த மாதம் மனு கொடுக்கப் போகிறார்கள், நானும் கூடப் போகிறேன்.

அன்புடன்,
உன் விஜி