பழைய அணு மாதிரிகளை ஏன் நடத்துகிறோம்: பெற்றோர்க்கு ஒரு விளக்கம்

அன்புள்ள பெற்றோர்க்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை அறிவியல் பாடநூலைப் பிரித்துக் காட்டி, "தாம்சன் மாதிரி சரியில்லை என்று அடுத்த பக்கத்திலேயே போட்டிருக்கிறது, பிறகு எதற்காகப் பிள்ளைகளை அதையும் படிக்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நேரம் போதாமல் அன்று ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிட்டேன். கேள்வி நியாயமானது என்பதால் அதற்குரிய பதிலை அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அணு மாதிரி என்பது அணு எப்படி அமைந்திருக்கும் என்று கருதி வரையும் படம். அணுவை நேரில் பார்த்து யாரும் அதன் படத்தை வரையவில்லை. கிடைத்த சான்றுகள் எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றனவோ அவ்வளவு தூரமே ஒவ்வொருவரும் சென்றார்கள். 1803 முதல் 1808 வரையிலான ஆண்டுகளில் ஜான் டால்டன் தம் அணுக்கொள்கையை வகுத்தபோது, அவர் கையில் இருந்தவை எடைகள் மட்டுமே. ஒரே அளவு கார்பனுடன் ஆக்சிஜன் சேர்ந்து இருவேறு வாயுக்கள் உண்டாகும்போது, ஒன்றில் சேரும் ஆக்சிஜனைப்போல் மற்றொன்றில் சரியாக இரு மடங்கு சேர்கிறது. ஒன்றரை மடங்கோ ஒன்றே முக்கால் மடங்கோ சேர்வதில்லை. பொருள்கள் முழு முழுத் துகள்களாகச் சேர்வதால்தான் இப்படி நிகழ்கிறது என்றார் அவர். அந்தத் துகளைப் பிளக்க முடியாது என்று அவர் சொன்னதை மறுப்பதற்கு அன்று எந்தச் சான்றும் இல்லை.

சான்று 1897இல் வந்தது. காற்று பெருமளவு நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயில் எதிர்மின்முனையிலிருந்து தோன்றும் கேத்தோடு கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் பார்த்த ஜே. ஜே. தாம்சன், குழாயில் எந்த வாயு இருந்தாலும், மின்முனை எந்த உலோகமானாலும், ஹைட்ரஜன் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் லேசான அதே எதிர்மின் துகளே வெளிப்படுகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதுவே எலக்ட்ரான். அணுவுக்குள் எதிர்மின்சுமை இருக்கிறது, ஆனால் அணு மொத்தத்தில் மின்சுமையற்றது. அப்படியானால் அதை ஈடுசெய்யும் நேர்மின்சுமை அணு முழுவதும் பரவியிருக்க, அதில் தர்பூசணி விதைகளைப்போல் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கலாம் என்று கருதியதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாதிரியைச் சாய்த்த சோதனைதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. 1909இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், இயற்பியலாளர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் மேற்பார்வையில், ஹான்ஸ் கைகரும் அப்போது இருபது வயது மாணவராக இருந்த எர்னஸ்ட் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின்மீது, கதிரியக்கப் பொருள்கள் உமிழும் நேர்மின்சுமை கொண்ட ஆல்பா துகள்களைச் செலுத்தினார்கள். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் துகள் மோதும்போதெல்லாம் தோன்றி மறையும் ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பெரும்பாலான துகள்கள் தகட்டை எளிதாகக் கடந்துவிட்டாலும், பல ஆயிரத்தில் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. பரவிக் கிடக்கும் மின்சுமைக்கு அவ்வளவு வேகமான துகளைத் திருப்பியனுப்பும் வலிமை கிடையாது. இதற்குப் பொருள் காண ரூதர்ஃபோர்டுக்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அணுவின் நேர்மின்சுமை முழுவதும், நிறையும் அநேகமாக முழுவதும், நடுவில் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்கின்றன என்று அவர் 1911இல் எழுதினார். அந்த அணுக்கரு கடுகளவு என்று வைத்துக்கொண்டால், அணு ஒரு பெரிய விளையாட்டுத் திடல் அளவுக்கு விரியும்.

இதே முறையில்தான் எங்கள் ஆய்வகத்திலும் ஒரு பயிற்சி வைத்தோம். மரப்பலகையின் அடியில் ஒரு கட்டையை மறைத்துவிட்டு, கோலிகளை உருட்டி, அவை வெளிவரும் கோணங்களைத் தாளில் குறித்து, கட்டையின் வடிவத்தைச் சொல்ல வேண்டும். வட்டம் என்று அடித்துச் சொன்ன குழு ஒன்று, இருபதாவது கோலி வேறு பக்கம் தெறித்தவுடன் வரைந்ததை அழித்துவிட்டு முக்கோணம் போட்டது. முதலில் வரைந்ததை அழிக்க வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும் என்று ஆசிரியை சொன்னார்.

ரூதர்ஃபோர்டின் படமும் நிலைக்கவில்லை. அதன்படி கருவைச் சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கருவில் விழுந்திருக்க வேண்டும்; அணுவோ அழியாமல் நிற்கிறது. ஹைட்ரஜன் உமிழும் ஒளியும் தனித்தனிக் கோடுகளாகவே பிரிகிறது; அதற்கும் அந்தப் படத்தில் விளக்கம் இல்லை. அக்கோடுகளுக்கான சூத்திரத்தை 1885இல் கண்டவர் பாசெல் நகரப் பெண்கள் பள்ளியின் கணித ஆசிரியர் யோகான் பால்மர் என்பதில் எனக்குச் சற்றுத் தொழில்பெருமை உண்டு. எலக்ட்ரான்களுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகள் மட்டுமே உண்டு என்று 1913இல் நீல்ஸ் போர் கூறியதும் அந்தச் சூத்திரத்துக்குக் காரணம் விளங்கியது. 1926இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தபின் திட்டமான சுற்றுப்பாதைகளும் போய், எலக்ட்ரான் இருப்பதற்கான வாய்ப்பைச் சொல்லும் ஆர்பிட்டால்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1932இல் சாட்விக், அணுக்கருவிலுள்ள மின்சுமையற்ற துகளான நியூட்ரானைக் கண்டறிந்தார். இவற்றை மேல்நிலை வகுப்புகளில் விரிவாக நடத்துவோம்.

ஆகவே இந்தப் பருவம் முதல், அணு அமைப்புப் பாடத்தில் படத்துக்குக் குறைந்த மதிப்பெண்ணும், அந்த மாதிரி எந்தச் சான்றால் எழுந்தது, எந்தச் சான்றால் கைவிடப்பட்டது என்ற விளக்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் வழங்கப்படும். வீட்டில் பாடம் ஒப்புவிக்கச் சொல்லும்போது "இது எப்படித் தெரிந்தது?" என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். கோலிப் பலகை அடுத்த கூட்டத்தன்று ஆய்வகத்தில் வைக்கப்பட்டிருக்கும்; பெற்றோரும் உருட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்