க்வில்ட் தைக்கத் தனி அறை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே க்வில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க ஓர் அறையை எப்படி அமைப்பது என்று போன ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படமெல்லாம் அழகுதான். சுவர் முழுக்க அலமாரி, கண்ணாடி ஜாடிகளில் நிறவாரியாக நூல்கண்டுகள், ஜன்னலோரம் பெரிய பெரிய மேஜைகள். ஆனால் முதல் பத்தியிலேயே 'உபயோகத்தில் இல்லாத படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று போட்டிருந்தீர்களே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். மும்பைக்காரர்கள் படிக்கிற பேப்பர் சார் இது! செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று எங்கே போய்ப் பார்த்தாலும் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், அந்த ஹாலிலேயே பிள்ளை படிக்க வேண்டும், மாமனார் செய்தி பார்க்க வேண்டும், ராத்திரியானால் பாய் விரிக்க வேண்டும். உபயோகத்தில் இல்லாத அறை யாரிடம் இருக்கிறது?

தனி அறையே வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இதே மகாராஷ்டிரத்தில் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, தரையில் உட்கார்ந்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு கோதடி என்கிற போர்வை தைக்கிறார்கள். அவர்களில் யாரும் அறை அமைத்துக்கொண்டு ஆரம்பிக்கவில்லை. வெட்டுவது, தைப்பது, தேய்ப்பது, விரித்துப் பார்ப்பது எல்லாம் ஒரே நேரத்திலா நடக்கிறது? அந்தந்த வேலைக்கு அந்தந்த நேரத்தில் வீட்டில் எந்த இடம் சரிப்படும் என்று பார்த்தால் போதும்.

வெட்டுவதற்குச் சாப்பாட்டு மேஜையைச் சொல்லியிருக்கிறீர்கள். அது முப்பது அங்குல உயரம்தான் இருக்கும், அரைமணி நேரம் குனிந்து வெட்டினால் இடுப்பு விட்டுப்போகும். அதைவிட சமையல் மேடை உயரமானது. ராத்திரி வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்துவிட்டு, துணிக்கு அடியில் போட்டு வெட்டும் 18க்கு 24 அங்குல கட்டிங் மேட்டைப் போட்டால் இரண்டடி மேடையில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், நின்றபடியே வெட்டலாம். ஆனால் அடுப்பை விட்டுத் தள்ளிப் போட வேண்டும். சூடான குக்கரைத் தெரியாமல் அதன்மேல் வைத்துவிட்டால் மேட் வளைந்துவிடும், அப்புறம் நிமிராது. வெயில் அடிக்கும் ஜன்னலோரம் சாய்த்து வைத்தாலும் இதே கதிதான். ரோட்டரி கட்டரை, அதாவது துணி வெட்டும் உருளும் வட்டக் கத்தியை, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மூடி வைக்கும் பழக்கம் வேண்டும், சமையலறையில் குழந்தைகள் வந்து போவார்கள்.

சாப்பாட்டு மேஜை தையலுக்குத்தான் ஆகும். அதிலும் மெஷினை ஓரத்தில் வைக்காமல், இடது பக்கமும் பின்பக்கமும் மேஜை நீண்டிருக்கிற மாதிரி வைக்க வேண்டும். கட்டுரை இதைச் சொல்லவே இல்லை, எனக்கு இதுதான் பெரிய குறையாகப் பட்டது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றும் சேர்ந்த க்வில்ட் நல்ல கனம். அது மேஜையை விட்டுத் தொங்கினால் தன் கனத்திலேயே துணியைக் கீழே இழுக்கும், ஊசி வளையும், ஒரு தையல் பெரிதாகவும் அடுத்தது பொடியாகவும் விழும். மெஷின் சரியில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் க்வில்ட்டை ஏற்றி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்று அடுக்கையும் சேர்க்க ஹால் தரையைவிட நல்ல இடம் கிடையாது. சோபாவை ஒதுக்கிவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, டைல்ஸ் கோட்டோடு ஓரத்தைச் சேர்த்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். கோடு நேராக இருந்தால் துணியும் நேராக இருக்கும், ஸ்கேலே வேண்டாம். அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக சேஃப்டி பின் குத்திக்கொண்டே போக வேண்டும். துண்டுகளை எப்படி அடுக்குவது என்று பார்க்க, பீரோ கதவில் ஒரு பிளானல் துணியை மாட்டினால் போதும், பருத்தித் துண்டு பின் இல்லாமலே அதில் ஒட்டி நிற்கும். செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்த்தால் எந்த நிறம் எதோடு கலந்து காணாமல் போகிறது என்று தெரிந்துவிடும். இஸ்திரிப் பெட்டி விஷயத்தில் மட்டும் கவனம். ஆயிரத்து ஐந்நூறு வாட்டுக்கு மேற்பட்ட ஸ்டீம் அயர்னை மெஷினும் விளக்கும் இருக்கிற அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் பிளக்கில் தனியாகப் போடுங்கள்.

அப்புறம் மழை. நான்கு மாதம் சுவரே வியர்க்கிற ஊரில், திறந்த அலமாரியில் துணியை அடுக்கி வைக்கச் சொல்வதை என்னவென்று சொல்ல? வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம், ஆகஸ்ட்டில் எடுத்துப் பார்த்தால் மடிப்பு மடிப்பாகப் பூசணம் பூத்திருக்கும். இறுக்க மூடும் டப்பா நல்லதுதான், ஆனால் துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துவைத்து, மே மாத வெயில் இருக்கும்போதே காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுக் கட்டிலடியில் தள்ளிவிடுங்கள். முன்கூட்டியே துவைப்பதில் இன்னொரு லாபம், சுருங்குவதும் சாயம் போவதும் தைப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். ஜாடிக்கும் அலமாரிக்கும் செலவழிக்கும் பணத்தில் மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கோ தாதர் ஹிந்த்மாதாவுக்கோ போய் நல்ல பருத்தியாக வாங்கலாம். அதுவும் அந்த க்வில்ட்டுக்கு வேண்டிய அளவு மட்டும். சேர்த்து வைக்கிற ஆசை வந்துவிட்டால் இந்த ஊர் வீடு தாங்காது.

கடைசியாக ஒரு திருத்தம். தையலுக்கு விடும் ஓரத்தை 'அரை சென்டிமீட்டர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். க்வில்ட்டுக்கு விடுவது கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒன்றரை மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு துண்டின் ஓரமும் போகிறது, அதனால் அது இரட்டிப்பாகும். கால் அங்குலக் கணக்கில் வெட்டிய பத்துத் துண்டுகளை அரை சென்டிமீட்டரில் தைத்தால் வரிசை ஏறக்குறைய ஓர் அங்குலம் நீண்டுவிடும், பார்டரோடு பொருந்தவே பொருந்தாது. அடுத்த ஞாயிறே இதைப் போட்டுவிடுங்கள், கட்டுரையைப் பார்த்துத் தைக்க உட்கார்ந்தவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை