வைட்டமின்கள் ஒரே வகையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வைட்டமின் கட்டுரையில் எந்தக் காயில் எது இருக்கிறது என்ற அட்டவணை பயனுள்ளது. ஆனால் ‘வைட்டமின்கள் யாவும் ஒரே வகை வேதிப்பொருள்கள்’ என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவனுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வைட்டமின் சி, ஏ இரண்டின் மூலக்கூறு அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தாலே போதும். சி, ஆறே கார்பன் கொண்ட சின்ன மூலக்கூறு, குளுக்கோஸுக்கு நெருங்கிய உறவு. அதில் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் நான்கு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இருப்பதால் தண்ணீரில் சுலபமாகக் கரையும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சி-யில் ஒரு பங்கு சாக்கடைக்குத்தான் போகிறது. ஏ, அதாவது ரெட்டினால், இருபது கார்பன் கொண்டது. ஹைட்ராக்சில் ஒன்றே ஒன்று, அதுவும் ஓரத்தில். மற்றதெல்லாம் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஹைட்ரோகார்பன் என்பதால் கொழுப்பில்தான் கரையும். கேரட்டில் இருப்பதும் நேரடியாக ஏ அல்ல, நாற்பது கார்பன் கொண்ட பீட்டா கரோட்டின். உடல் அதை நடுவில் வெட்டி ஏ ஆக்கிக்கொள்கிறது. எண்ணெய் விட்டுச் செய்த கேரட் பொரியல் இந்த விஷயத்தில் பச்சைக் கேரட்டை விட மேல்.

டி-யின் கதையே வேறு. நம் தோலில் இருக்கும், கொலஸ்ட்ராலின் உறவான ஒரு பொருளில் நான்கு அணு வளையங்கள் உண்டு. வெயிலின் புறஊதாக் கதிர் அதில் ஒன்றை உடைக்க, அது டி3 என்ற வைட்டமின் டி ஆகிறது. அந்தக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால், மூடிய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்து பயனில்லை.

சரி, பி என்ற ஒரே எழுத்துக்குள் இருப்பவையாவது ஒத்துப்போகின்றனவா? அதுவும் இல்லை. நியாசினுக்கு (பி3) ஒரே வளையம். ரிபோஃப்ளேவினுக்கு (பி2) ஒட்டிய மூன்று வளையங்கள். அதன் மஞ்சள் நிறம் அவற்றால் வருவது. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதும் அதனால்தான். பி12-இன் நடுவிலோ கோபால்ட் என்ற உலோக அணுவே உட்கார்ந்திருக்கிறது! வேறெந்த வைட்டமினிலும் உலோகம் கிடையாது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் கண்டறிந்த அதன் அமைப்பு 1956-இல் வெளியானது. 1964-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்ததில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை கட்டமைப்புப் படங்களையும் போடுங்கள். அரைப் பக்கம் போதும். இடமில்லை என்றால், முழுப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்த ஆரஞ்சுப் பழப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்